பழைய அமெரிக்க ரிவால்வர் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடத்திய ஏலத்தில் ஒரு கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலரைத் தாண்டி விலைபோனது. 1881 ஜூலையில் நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் ஷெரிஃப் பாட் காரெட், பில்லி த கிட் என்ற பேர்போன குற்றவாளியைச் சுட்ட துப்பாக்கி அது. அதே மாதிரியில், அதே காலத்தில், அதே தொழிற்சாலையில் செய்த இன்னொரு கோல்ட் சுமாரான நிலையில் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். இரும்பில் பெரிய வேறுபாடு கிடையாது. காரெட்டுக்குப் பிறகு அது யார் யார் கைக்குப் போனது என்பதற்கு ஆவணம் இருந்தது. அவருடைய மனைவி நீதிமன்றம் வரை போய் அதைத் திரும்பப் பெற்ற வழக்கின் பதிவும் இருந்தது. மீதிப் பணம் எல்லாம் அந்தக் காகிதங்களுக்குத்தான்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கதையில் தொடங்கி, பணத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் துப்பாக்கியைப் பார்க்கிறார்கள். இந்த வழிகாட்டி அதைத் தலைகீழாக வைக்கிறது: முதலில் சட்டம், பிறகு வகை, எண், மேற்பரப்பு, ஆவணம். கதை கடைசியில்.

முதல் படி: சட்டம்

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898 வரை செய்யப்பட்டவை பழம்பொருட்கள். கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அவை சாதாரணத் துப்பாக்கிகளாகவே கணக்கில் வராது. அதனால் உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மாநிலச் சட்டமும் நகரச் சட்டமும் வேறு கதை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் விதியைத் தனியாகப் பார்த்தாக வேண்டும்.

கனடாவில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே 1898க்கு முன்பு செய்ததாக இருந்தால் மட்டும் போதாது. எந்தத் தோட்டா போடும் துப்பாக்கி என்பதும் கணக்கு. 45 கோல்ட், 44-40 போன்ற தோட்டாக்களைப் போடும் கைத்துப்பாக்கி 1880இல் செய்ததாக இருந்தாலும் பழம்பொருள் சலுகை கிடைக்காது. பிரிட்டனில் வழக்கொழிந்த தோட்டா வகைகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து 44 ரஷ்யன், 41 கோல்ட் உள்ளிட்ட சில வகைகளை 2021இல் நீக்கிவிட்டார்கள். அதுவரை அலமாரியில் சும்மா இருந்த பொருளுக்கு உரிமம் தேவைப்பட்டது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் பழைய ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருப்பவற்றுக்குத்தான் அது பொருந்தும். நன்றாக இயங்கும் 1873ஆம் ஆண்டு கோல்ட் ஒன்றைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவரலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்னொன்று: யானைத் தந்தக் கைப்பிடி. பார்க்க அழகு, எல்லை தாண்டக் கொண்டுபோனால் பெரும் தலைவலி. கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்கள் தந்த விற்பனைக்குத் தனிச்சட்டமே வைத்திருக்கின்றன. முதல் துப்பாக்கிக்கு வால்நட் மரக் கைப்பிடியே போதும்.

இரண்டாம் படி: ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள்

மேற்கு எல்லைப்புறக் காலம் என்று சொன்னதும் எல்லோர் மனதிலும் வருவது கவ்பாயின் இடுப்பில் தொங்கும் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. ஆனால் அது 1873இல்தான் வந்தது. அதற்கு முன் சுமார் 25 ஆண்டுகள் அந்த நிலத்தில் ஆட்சி செய்தவை வேறு வகை.

சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை பெற்று நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொழிற்சாலை தொடங்கினார். 1842இல் அது மூடப்பட்டது. டெக்சாஸ் ரேஞ்சராக இருந்த சாமுவேல் வாக்கர் கேட்டதால் 1847இல் வந்த வாக்கர் மாதிரி கோல்ட்டை மறுபடி தூக்கி நிறுத்தியது. இரண்டு கிலோவைத் தாண்டும் எடை, செய்தது சுமார் 1,100. வெடிக்கும்போது சிலிண்டர் (அறைகள் கொண்ட சுழலும் உருளை) பிளந்த கதைகள் இதற்கு ஏராளம். பிறகு ஹார்ட்ஃபோர்டில் 1849 பாக்கெட், 1851 நேவி, 1860 ஆர்மி என்று வரிசையாக வந்தன. துப்பாக்கிச் சண்டைக்குப் பேர்போன வைல்ட் பில் ஹிக்காக் இடுப்பில் ஜோடியாக வைத்திருந்தவை 1851 நேவிகள்.

இவை எல்லாம் கேப் வகை. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாகக் கருமருந்தைப் போட்டு, ஈயக் குண்டை இடித்து இறக்கி, பின்பக்க முலையில் ஒரு சின்னச் செப்புத் தொப்பியைப் பொருத்துவார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் சுடும் பொட்டுக் கேப்பின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலோகத் தோட்டாவைப் பின்பக்கமாகப் போடும் முறை ஏன் உடனே பரவவில்லை? காரணம் ஒரு காப்புரிமை. சிலிண்டரை முழுக்கத் துளைத்துப் பின்னாலிருந்து நிரப்பும் முறைக்கு ரோலின் வைட் 1855இல் காப்புரிமை வாங்கினார். அதைப் பயன்படுத்தும் உரிமையை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் பெற்றுக்கொண்டது. ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் வைட்டுக்கு. 1857 முதல் அவர்கள் சின்னச் சின்னத் தோட்டா ரிவால்வர்களை விற்றுக்கொண்டிருக்க, கோல்ட் கேப்பையே கட்டிக்கொண்டு காத்திருந்தது. 1869இல் காப்புரிமை முடிந்தது. அப்புறம்தான் வெள்ளம் திறந்தது: 1870இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் 3, பழைய கேப் துப்பாக்கிகளைத் தோட்டாவுக்கு மாற்றிய ரிச்சர்ட்ஸ் வகை, 1873இல் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, 1875இல் ஸ்கோஃபீல்ட்.

இந்த வரிசை மனப்பாடம் ஆகிவிட்டால் பாதி ஏமாற்று வேலை உங்களிடம் நடக்காது. "உள்நாட்டுப் போரில் தாத்தாவின் தாத்தா வைத்திருந்த கோல்ட் 45" என்று ஒருவர் நீட்டினால், போர் முடிந்தது 1865, அந்தத் துப்பாக்கி பிறந்தது 1873 என்று உங்களுக்கே தெரியும்.

சரி, முதலில் எதை வாங்கலாம்? என் தேர்வு இவை. கோல்ட் 1849 பாக்கெட் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. சந்தையில் எப்போதும் கிடைக்கும், ஒப்பிட்டுப் பார்க்க நிறைய இருக்கும். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மாடல் ஒன்றரை, நம்பர் 2 ஆர்மி போன்ற சிறிய தோட்டா ரிவால்வர்களைப் பெரிய பெயர் இல்லாததால் ஆட்கள் தாண்டிப் போகிறார்கள். சில நூறு டாலரிலேயே ஒழுங்கானது அமையும். ரெமிங்டன் நியூ மாடல் ஆர்மி கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் மேலே பட்டை வைத்த முழுச் சட்டம், அதாவது உறுப்புகளைத் தாங்கும் உடல் (ஃபிரேம்), அதற்கு உறுதி. அப்புறம் அதிகம் பேசப்படாத ஒன்று: ராஜர்ஸ் அண்டு ஸ்பென்சர். நியூயார்க் மாநிலத்து யூட்டிகா பகுதியில் இராணுவத்துக்காக 5,000 செய்தார்கள். 1865இல் கொடுத்து முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. பயன்படுத்தாமலே கிடங்கில் கிடந்தவை 1901இல் பானர்மேன் என்ற உபரிப் பொருள் வியாபாரியிடம் போயின. அதனால்தான் இன்றும் இவற்றில் பல, வயதுக்கு நம்ப முடியாத அளவு நல்ல நிலையில் இருக்கின்றன.

முதலில் வாங்கக் கூடாதவையும் உண்டு. வாக்கர் பக்கமே போகாதீர்கள். இராணுவ முத்திரை உள்ள சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியும் அப்படித்தான், காரணம் பின்னால் வருகிறது. 1877இல் வந்த கோல்ட் லைட்னிங்கின் உள்வேலைப்பாடு நொய்மையானது. வேலை செய்யாத லைட்னிங்குகள் மலிவாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். சரிசெய்ய ஆள் தேடியே அலுத்துப்போவீர்கள்.

மூன்றாம் படி: முத்திரைகளைப் படியுங்கள்

குழல் மீதுள்ள முகவரி, சட்டத்தின் மீதுள்ள காப்புரிமைத் தேதி, வரிசை எண் மூன்றும் மூன்று வேறு சேதி சொல்கின்றன. புதியவர்கள் அடிக்கடி குழம்புவது காப்புரிமைத் தேதியில். ரெமிங்டனில் 1858 செப்டம்பர் 14 என்று பொறித்திருப்பதால் உலகமே அதை 1858 ரெமிங்டன் என்று அழைக்கிறது. அது பீல்ஸ் என்பவரின் காப்புரிமைத் தேதி. துப்பாக்கி செய்யப்பட்டது 1860களில். செய்த ஆண்டை வரிசை எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் வரிசை எண் 1873இல் ஒன்றிலிருந்து தொடங்கி 1940 வாக்கில் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. 1898 எல்லைக்குள் வர வேண்டுமானால் சுமார் 1,80,000க்குக் கீழே இருக்க வேண்டும். எல்லையை ஒட்டிய எண்ணாக இருந்தால் தொழிற்சாலைக் கடிதம் இல்லாமல் வாங்காதீர்கள்.

எண்கள் பொருந்துகின்றனவா என்பது அடுத்த கேள்வி, விலையில் பெரும் பங்கு இதற்குத்தான். சிங்கிள் ஆக்‌ஷனில் சட்டத்தின் அடி, விசைக் காப்பு, கைப்பிடியின் பின்பட்டை மூன்றிலும் முழு எண் இருக்கும். தொடக்க காலத்தவற்றில் குழலிலும் சிலிண்டரிலும்கூட உண்டு. 1851 நேவியில் இன்னும் அதிகம்: குழலின் அடி, சட்டம், விசைக் காப்பு, பின்பட்டை, சிலிண்டர், குழலைப் பிடித்து நிறுத்தும் ஆப்பு வரை. ஆப்பு சின்னத் துண்டு என்பதால் தொலைந்துபோய் வேறொன்று செருகியிருப்பது சகஜம். அதற்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். சிலிண்டர் வேறாக இருந்தால் நிறையக் குறைத்துக் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். இராணுவம் சுமார் 37,000 சிங்கிள் ஆக்‌ஷன்களை ஏழரை அங்குலக் குழலோடு வாங்கியது. 1895 முதல் அவற்றில் ஒரு பெரும்பகுதியைத் திரும்ப வரவழைத்து, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பிரித்துச் சேர்த்தபோது உறுப்புகள் கலந்துபோயின. சேகரிப்பாளர்கள் ஆர்ட்டிலரி மாதிரி என்று அழைப்பது இவற்றைத்தான். இவற்றில் எண்கள் பொருந்தாமல் இருப்பதே இயல்பு. எல்லா எண்களும் பளிச்சென்று பொருந்தும் ஆர்ட்டிலரி ஒன்றைக் காட்டினால் மகிழ்வதற்குப் பதிலாகச் சந்தேகப்படுங்கள்.

இராணுவ முத்திரையை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன் என்றால், போலி வேலை அதிகம் நடப்பது அங்கேதான். தொடக்கத்தில் இவற்றைச் சோதித்த ஐன்ஸ்வொர்த் என்ற அதிகாரியின் முத்திரை உள்ளவை, 1876 லிட்டில் பிக்ஹார்ன் போரில் பூர்வகுடிகளிடம் தோற்ற தளபதி கஸ்டரின் ஏழாம் குதிரைப்படை வைத்திருந்திருக்கக்கூடிய எண்களை ஒட்டியவை. அந்த ஒரே காரணத்துக்காக விலை பல மடங்கு ஏறும். ஏறும் இடத்தில் உளியும் வேலை செய்யும்.

நான்காம் படி: மேற்பரப்பு

இதைச் சொல்லிக் கொடுப்பது கஷ்டம். நூறு துப்பாக்கிகளை உற்றுப் பார்த்த பிறகுதான் கண் பழகும். ஆனாலும் எதைத் தேடுவது என்று சொல்லலாம்.

ஓரங்களைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்த துப்பாக்கியின் விளிம்புகள் கூராக இருக்கும். யாராவது தேய்த்து மெருகேற்றியிருந்தால் விளிம்பு மழுங்கும், திருகுத் துளைகளின் வாய் கிண்ணம்போல் குழியும், எழுத்துகளின் ஒரு பக்கம் மங்கும். துருக் குழிகளுக்கு உள்ளேயும் நீல நிறம் இருந்தால், துரு பிடித்த பிறகு நீலம் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். தேய்ந்த எழுத்து, புத்தம் புதிய நிறம்: இரண்டும் ஒன்றாக இருக்கவே முடியாது. உறையில் உரசும் குழல் முனையும் கை படும் பின்பட்டையும் முதலில் நிறமிழக்கும். அங்கே நிறம் முழுசாக இருந்து, கை படாத இடத்தில் தேய்ந்திருந்தால் யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள்.

1851 நேவியின் சிலிண்டரில் ஒரு கடற்போர்க் காட்சி உருட்டிப் பதித்திருக்கும். 1843இல் டெக்சாஸ் கடற்படை கம்பெச்சே அருகே மெக்சிகோவோடு மோதிய காட்சி, ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞரின் வேலை. ஆழம் குறைந்த கோடுகள் என்பதால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கப்பல்கள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்பதை வைத்தே அனுபவசாலிகள் விலை பேசுவார்கள்.

பழுப்பும் சாம்பலும் கலந்து சீராகப் படிந்த நிறம் குறையாகாது. அதுதான் வயது. புதியவர்கள் பளபளப்புக்கு மயங்குகிறார்கள், சந்தையோ தொடப்படாத பழுப்புக்கு அதிகம் கொடுக்கிறது.

நகல்கள் தனி வகைத் தொல்லை. இத்தாலியில் பிரேஷா பக்கம் ஊபெர்ட்டி, பியெட்டா போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அருமையான நகல்களைச் செய்கின்றன. அவர்கள் ஒளிக்கவில்லை. தங்கள் பெயரையும் இத்தாலிய சோதனை முத்திரைகளையும் பொறித்துத்தான் விற்கிறார்கள். அந்த முத்திரைகளை அராவி, அமிலத்தில் ஊறவைத்து வயதாக்கி விற்பவர்கள் வேறு ஆட்கள். குழலின் அடியிலும் சட்டத்தின் பக்கத்திலும் காரணமில்லாமல் சற்றே பள்ளமான, தேய்த்த இடம் இருந்தால் அங்கே ஒரு முத்திரை இருந்திருக்கலாம். திருகுகளில் மெட்ரிக் மரை இருந்தால் பேச்சே வேண்டாம்.

ஐந்தாம் படி: காகிதம், பிறகு கதை

கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதம் தரும். இந்த எண் துப்பாக்கி எந்தத் தேதியில், எந்தத் தோட்டாவுக்கு, எத்தனை அங்குலக் குழலோடு, என்ன பூச்சோடு, யாருக்கு அனுப்பப்பட்டது என்று அதில் இருக்கும். ஸ்மித் அண்டு வெஸ்ஸனுக்கு அவர்களுடைய வரலாற்று அறக்கட்டளை இதே வேலையைச் செய்கிறது. கேப் காலத்துக் கோல்ட்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. அங்கே துப்பாக்கியே சாட்சி.

கடிதம் வந்தால் தலைகால் புரியாமல் மகிழ வேண்டாம். 1880இல் அந்த எண் எப்படி வெளியே போனது என்பதைத்தான் கடிதம் சொல்கிறது. இன்று உங்கள் கையில் இருக்கும் குழல் அதே குழல் என்று சொல்லவில்லை. கடிதத்தை முதலில் வாங்கி, அதற்கேற்ப உறுப்புகளை மாற்றி விற்பவர்களும் உண்டு.

கதைக்கு வருவோம். தன் மகன் வைத்திருந்தது என்று சொல்லிப் பழைய துப்பாக்கிகளை, கொள்ளைக்காரன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் அம்மா விற்றதாகச் சொல்வார்கள். மேற்கில் ஷெரிஃபாக இருந்து, பிறகு நியூயார்க்கில் பத்திரிகையாளரான பேட் மாஸ்டர்சனைப் பற்றியும் ஒன்று உண்டு. கேட்டு நச்சரித்த ஒருவருக்காக அடகுக் கடையில் ஒரு கோல்டை வாங்கி, கைப்பிடியில் கோடுகளை வெட்டிக் கொடுத்தாராம். இந்தக் கதைகளில் எவ்வளவு நிஜமோ, வியாபாரம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. குடும்பக் கதைக்குத் தனியாக ஒரு டாலர்கூடத் தராதீர்கள். வரிசை எண்ணோடு கூடிய பழைய கடிதம், உயில், வழக்குப் பதிவு இருந்தால் மட்டும் பேசலாம்.

ஆறாம் படி: கையில் எடுக்கும் முறை

அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்தவுடன் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கேப் வகையில் இது கண்துடைப்பு வேலை இல்லை. நூறு ஆண்டுக்கு முன் நிரப்பியதை யாரும் எடுக்காமலே விட்டிருக்கலாம். ஈரம் படாத கருமருந்து இன்றும் வெடிக்கும். முலைகளில் தொப்பி இருக்கிறதா பாருங்கள். சிலிண்டர் அறைகளை முன்பக்கமிருந்து சின்ன விளக்கடித்துப் பாருங்கள். குண்டு தெரிந்தால் நோண்டாமல், கருமருந்துத் துப்பாக்கி தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

ஹாமரை மெதுவாக இழுத்தால் சிங்கிள் ஆக்‌ஷனில் நான்கு கிளிக் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் உள்ளே தேய்மானம். முழுதாக இழுத்து விசையை வெறுமனே அழுத்தவே கூடாது. கட்டைவிரலால் பிடித்தபடி இறக்குங்கள்.

சுட்டுப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. 45 கோல்ட் தோட்டா இன்றும் கடையில் கிடைக்கிறது, 1870களின் துப்பாக்கியில் சரியாகப் போய் உட்காரவும் செய்யும். ஆபத்தே அதுதான். இன்றைய தோட்டாவிலுள்ள புகையில்லா வெடிமருந்துக்குத் தாங்கும் என்று கோல்ட் உறுதி தரத் தொடங்கியது 1900 வாக்கில்தான். சுட ஆசையாக இருந்தால் இத்தாலிய நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: எங்கே பார்ப்பது, எங்கே வாங்குவது

வாங்குவதற்கு முன் பார்க்க: வயோமிங்கின் கோடி என்ற ஊரிலுள்ள துப்பாக்கி அருங்காட்சியகம், லாஸ் ஏஞ்சல்ஸின் ஆட்ரி, ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அதீனியம், ஓக்லஹோமாவின் கிளேர்மோரிலுள்ள ஜே.எம். டேவிஸ். அசல் எப்படி இருக்கும் என்று கண்ணில் ஏற்றிக்கொள்ள இவற்றை விட்டால் வேறு வழி இல்லை.

வாங்க: ஓக்லஹோமாவின் டல்சாவில் நடக்கும் பெரிய கண்காட்சி, ராக் ஐலண்ட் போன்ற ஏல நிறுவனங்கள். ஏலத்தின் விவரக் குறிப்பும் படங்களும் ஓசியில் கிடைக்கும் பாடப்புத்தகம். வாங்காவிட்டாலும் படியுங்கள். ஏலம் எடுத்த தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று 20 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ வரும் என்பதையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டு கை தூக்குங்கள். தனியார் விற்பனையில் எண்கள் உள்ள எல்லா இடங்களையும் படம் கேளுங்கள், திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் தயங்குகிறவரை விட்டுவிடலாம்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

எஃகுக் கம்பளி, மெருகு பசை, துரு நீக்கி எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். ஒரு மாலையில் தேய்த்து எடுத்த பழுப்பு திரும்ப வராது, விலையில் பாதியும் அதோடு போகும். புதிய துரு இருந்தால் லேசான எண்ணெயில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். அப்புறம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உருவான ரினைசான்ஸ் மெழுகை மிக மெல்லிதாகப் பூசுங்கள். கையுறை போடுங்கள், வியர்வை உப்பு இரும்புக்கு எதிரி. திருகைத் திருப்ப வேண்டியிருந்தால் அதன் வெட்டில் துல்லியமாகப் பொருந்தும் திருப்புளிதான் வேண்டும். பொருந்தாவிட்டால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டிய பெட்டியில்தான் வைக்க வேண்டும், சட்டம் அதைத் துப்பாக்கி என்று சொல்லாவிட்டாலும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு போடுங்கள்: எல்லா எண்களின் படம், வாங்கிய ரசீது, தொழிற்சாலைக் கடிதம், விற்றவர் எழுதிக் கொடுத்த குறிப்பு. காப்பீட்டுக்கும் பிற்பாடு விற்கவும் அது வேண்டும். பழைய தோலுறை ஒன்றும் சேர்ந்து கிடைத்தால் சந்தோஷம், ஆனால் துப்பாக்கியை அதற்குள் வைத்து மூடாதீர்கள். தோலில் உள்ள உப்பும் அமிலமும் ஈரத்தோடு சேர்ந்து ஒரு மழைக்காலத்திலேயே இரும்பை அரித்துவிடும். உறையைப் பக்கத்துத் தட்டில் தனியாக வையுங்கள்.